நாளை இரவு 30 சென்ரிமீற்றர் ஸ்னோ: வீடு, ட்ரைவ்வே, கார், எதை முதல்ல பார்க்கிறது?

மோர்னிங்சைட் | வெள்ளி, பின்னேரம் 6.10

சனி இரவில இருந்து ஞாயிறு பின்னேரம் வரைக்கும் ரொறன்ரோ கிழக்கில 25 தொடக்கம் 35 சென்ரிமீற்றர் ஸ்னோ, காற்று 60 கிலோமீற்றர் எண்டு எச்சரிக்கை வந்திருக்கு. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எங்கட சனம் கனபேர் இந்த வருசம்தான் அபார்ட்மென்ரில இருந்து சொந்த வீட்டுக்கு வந்திருக்கினம். அங்க எல்லாத்தையும் கட்டிடக்காரர் பார்த்தவை. இப்ப ட்ரைவ்வே (கார் விடுற முன் பாதை), ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெசின்), பேஸ்மென்ரில வாடகைக்கு இருக்கிற ஆக்கள் எண்டு எல்லாம் வீட்டுக்காரரின்ர தலையில.

தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ. சனி முழுக்க நேரம் இருக்கு. எதை முதல்ல செய்ய வேணும், எதில பிழை விடுறவை, உப்பு எப்ப, எவ்வளவு? 60, 65 வயசில அப்பா அம்மா இருக்கிற வீடுகளையும் நினைச்சு எழுதினா நல்லம்.


ஃபர்னஸ் வேலை | வெள்ளி, பின்னேரம் 6.42

ட்ரைவ்வேயைப் பிறகு பார்க்கலாம். முதல்ல வீட்டைச் சுத்தி ஒருக்கா நடவுங்கோ.

90 வீதத்துக்கு மேல திறன் உள்ள ஃபர்னஸ் எண்டால் அதின்ர புகை பழைய சிமினியால போகாது. கன வீடுகளில பக்கச் சுவரால ரண்டு பிளாஸ்ரிக் குழாய் வெளிய வரும், 2 அல்லது 3 அங்குல அளவு. ஒண்டு காற்றை உள்ளுக்கு இழுக்கிறது, மற்றது புகையை வெளிய தள்ளுறது. பெரும்பாலும் நிலத்தில இருந்து ஒரு அடி, ஒண்டரை அடி உயரத்திலதான் இருக்கும். 30 சென்ரிமீற்றர் எண்டாலே ஒரு அடி. அதுக்கு மேல, ரண்டு வீட்டுக்கு நடுவில இருக்கிற ஒடுங்கின ஓடையில காற்று ஸ்னோவைக் கொண்டுவந்து சுவரோட ஒதுக்கும். ட்ரைவ்வேயில ஒரு அடி விழுந்தா அந்த ஓடையில மூண்டு அடி நிக்கும்.

குழாய் அடைபட்டா ஃபர்னஸுக்குள்ள இருக்கிற பிரஷர் சுவிட்ச் காற்றோட்டம் இல்லை எண்டு கண்டு நெருப்பைப் பத்த விடாது. சில தரம் முயற்சி செய்துபோட்டு ஃபர்னஸ் தானே பூட்டிக்கொள்ளும். முன் கதவில ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை இருக்கும், அதுக்குள்ள லைட் விட்டு விட்டு மினுங்கும். எத்தனை தரம் மினுங்குது எண்டு எண்ணிக்கொண்டு, கதவைக் கழட்டி அதின்ர உள்பக்கத்தில ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கோ. பிரஷர் சுவிட்ச் எண்டு போட்டிருந்தா, ஆளைக் கூப்பிட முதல் வெளிய போய்க் குழாயைத் துப்பரவாக்குங்கோ. பிறகு கதவைச் சரியாப் பூட்டி, ஃபர்னஸின்ர சுவிட்சை அணைச்சு ஒரு நிமிசம் பொறுத்துப் போடுங்கோ. கதவு வடிவாப் பொருந்தாட்டி அதுக்குப் பின்னால இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் அமத்துப்படாது, ஃபர்னஸ் ஓடாது. புயல் நாளில வாற அழைப்பில கனக்க இந்த ரண்டு காரணம்தான்.

நிண்டுபோற ஃபர்னஸை விட, அரைகுறையா அடைபட்டு ஓடிக்கொண்டிருக்கிற ஃபர்னஸ்தான் ஆபத்து. வெளிய போன புகை ஸ்னோச் சுவரில பட்டுத் திரும்பி, உள்ளிழுக்கிற குழாய்க்குள்ள போகும். அதோட நெருப்பு சரியா எரியாது, கார்பன் மொனொக்சைட் (மணமில்லாத நச்சு வாயு) வரும். ஸ்னோ கொட்டேக்க மூண்டு, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போய்ப் பாருங்கோ. குழாயைச் சுத்தி நாலு பக்கமும் குறைஞ்சது ரண்டு அடி வெறுமையா இருக்க வேணும். சவலால (ஸ்னோ அள்ளுற மண்வெட்டி) குழாயை அடிக்காதேங்கோ, குளிரில பிளாஸ்ரிக் வெடிக்கும். கையால, இல்லாட்டி விளக்குமாறால தட்டினாக் காணும்.

காஸ் மீற்றரும் அப்பிடித்தான். மீற்றருக்குப் பக்கத்தில தட்டையா வட்டமா இருக்கிற ரெகுலேற்றரில ஒரு மூச்சு ஓட்டை இருக்கு. அதில ஐஸ் பிடிச்சா அழுத்தம் குழம்பும். தும்புத்தடியால மெல்லத் தட்டுங்கோ, காலால உதையவோ சவலால கொத்தவோ கூடாது. ஸ்னோ புளோவரை (ஸ்னோவை வாரி எறியிற மெசின்) அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.


வாட்டர்லூ | வெள்ளி, மாலை 6.58

நல்ல தகவல், நன்றிங்க. இரண்டு சந்தேகம். கார்பன் மொனாக்சைடு அலாரம் எங்கே வைக்கணும்? கீழே ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்தில் ஒன்று போதுமா? அப்புறம், ஹீட் பம்ப் இருக்கிற வீட்டில் வெளி யூனிட்டைத் துணி போட்டு மூடி வைக்கலாமா?


ஃபர்னஸ் வேலை | வெள்ளி, பின்னேரம் 7.15

மூடவே கூடாது. ஹீட் பம்ப் வெளிக் காற்றில இருந்துதான் சூட்டை எடுக்குது. மூடினா காற்று இல்லை, சூடும் இல்லை. சுத்திவர ரண்டு அடி துப்பரவாக்கிவிடுங்கோ. தகட்டில வெண்மையா உறைபனி பிடிக்கிறதும், இடைக்கிடை ஆவி பறக்கிறதும் வழமை, அது தானே உருக்கிக்கொள்ளும். கத்தி, ஸ்குரூ ட்ரைவர் கொண்டு ஐஸைக் கிண்டினா தகடு ஓட்டையாகி உள்ளுக்கிருக்கிற வாயு போயிடும்.

அலாரம் ஒண்டு காணாது. ஒன்ராறியோவில காஸ், எண்ணெய், விறகு எரிக்கிற வீட்டிலயும், கராஜ் ஒட்டின வீட்டிலயும் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில இருக்க வேணும். 2026 ஜனவரி 1 இல இருந்து ஒவ்வொரு மாடியிலயும் வேணும். அலாரத்தின்ர பின்பக்கத்தில திகதி இருக்கும், 7 தொடக்கம் 10 வருசம்தான் ஆயுள். நாலு தரம் பீப், இடைவெளி, திரும்ப நாலு தரம் எண்டால் அது கார்பன் மொனொக்சைட். மூண்டு தரம் எண்டால் நெருப்புப் புகை. நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு சத்தம் எண்டால் பற்றறி. நாலு பீப் கேட்டா ஜன்னலைத் திறந்துபோட்டுக் காரணம் தேடிக்கொண்டு நிக்காதேங்கோ. எல்லாரும் வெளிய வந்து, 911 அவசர இலக்கத்துக்கு அடியுங்கோ. வீட்டில எல்லாருக்கும் ஒரே நேரத்தில தலையிடி, சத்தி வாற மாதிரி இருக்கு, காய்ச்சல் இல்லை, வெளிய போனாச் சுகமா இருக்கு எண்டால் அலாரம் அடிக்காட்டிலும் அதே மாதிரித்தான்.


அவசரப் பிரிவு தாதி | வெள்ளி, இரவு 8.05

வயசான ஆக்களைக் கேட்டிருக்கிறியள். ஒரு கணக்கைப் பாருங்கோ. 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் உள்ள ட்ரைவ்வேயில 30 சென்ரிமீற்றர் விழுந்தா 18 கன மீற்றர். சைபருக்குக் கீழ 10 பாகையில விழுற காய்ஞ்ச ஸ்னோ கன மீற்றருக்கு 100 கிலோ அளவில இருக்கும். மொத்தம் 1,800 கிலோ. சைபருக்குக் கிட்ட விழுற ஈர ஸ்னோ 250 கிலோ வரும். அது 4,500 கிலோ, நாலரைத் தொன். ஒரு மனிசன் ஒரு விடியக் காலமையில தூக்கி எறியிற வேலை இல்லை இது.

குளிர் காற்று மூச்சுக்குள்ள போகேக்க இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். கையால பாரம் தூக்கேக்க ஆக்கள் தங்களை அறியாமல் மூச்சை அடக்குவினம், அது இன்னும் ஏத்தும். கால் அசையாமல் நிண்டு கையால மட்டும் வேலை செய்யேக்க இருதயத்துக்குத் திரும்பிவாற இரத்தமும் குறையும். எங்கட சமூகத்தில சீனி வருத்தமும் பிரஷரும் இளவயசிலயே வருது, இருதய வருத்தமும் மற்ற ஆக்களை விட முந்தி வருது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைச்ச ஆக்கள், படியேறினா நெஞ்சு இறுகிற ஆக்கள் சவலைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காசு குடுங்கோ.

செய்யக்கூடிய ஆக்கள்: எழும்பின உடன வெளிய இறங்காமல் வீட்டுக்குள்ள அஞ்சு, பத்து நிமிசம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கோ. வயிறு முட்டச் சாப்பிட்டுப்போட்டோ, சிகரெட் பத்திப்போட்டோ இறங்கக் கூடாது. 15 நிமிசம் வேலை, பிறகு உள்ளுக்கு வந்து தண்ணி. எறியாதேங்கோ, தள்ளுங்கோ. அகலமான தள்ளுச் சவல் தள்ளுறதுக்கு, 18 அங்குலச் சின்னச் சவல் தூக்கிறதுக்கு. தூக்கியே ஆகவேணும் எண்டால் அரைச் சவல், முழங்காலை மடக்கி, சவலை உடம்போட ஒட்டிப் பிடிச்சு. இடுப்பைத் திருகித் தோளுக்கு மேலால எறியிறதிலதான் முதுகு பிடிக்கும். திரும்ப வேணும் எண்டால் காலோட திரும்புங்கோ. சவலில ஸ்னோ ஒட்டிக்கொண்டு நிண்டா, சமையலுக்குப் பாவிக்கிற எண்ணெய் ஸ்பிறே ஒருக்கா அடிச்சா வழுக்கி விழும்.

நெஞ்சில பாரம், இடது கை, தாடை, குளிர் வேர்வை எண்டால் 911. அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாத ஆள் எண்டால், அழைப்பில இருக்கிற ஆள் சொல்ல 81 மில்லிகிராம் குளிசை ரண்டைச் சப்பலாம். சீனி வருத்தக்காரருக்கும் பொம்பிளையளுக்கும் நெஞ்சு நோ இல்லாமலும் வரும். இளைப்பு, களைப்பு, சத்தி, இவ்வளவுதான் தெரியும். ஸ்னோ தள்ளின களைப்பு எண்டு படுக்கப் போகாதேங்கோ.


பிராம்ப்டன் | வெள்ளி, இரவு 8.31

தாதி அக்கா சொன்ன எடைக் கணக்கை எல்லோரும் மனதில் வையுங்கள். ஆனால் ஒரு கேள்வி. புயல் நடக்கும்போதே இடையிடையே தள்ளச் சொல்வார்கள். மூன்று முறை இறங்கி 10, 10 செ.மீ. ஆகத் தள்ளினாலும் மொத்த எடை அதேதானே? புயல் முடிந்த பிறகு ஒரே தடவையாகச் செய்தால் உடை மாற்றும் வேலையாவது மிச்சம்.


சின்ன எஞ்சின் | வெள்ளி, இரவு 9.02

மொத்தப் பாரம் ஒண்டுதான், தம்பி. ஆனா 10 சென்ரிமீற்றரைத் தள்ளலாம், 30 சென்ரிமீற்றரைத் தள்ள ஏலாது, தூக்கத்தான் வேணும். அதோட கிடக்கக் கிடக்க ஸ்னோ தன்ர பாரத்தில இறுகும். கார் ஒருக்கா ஏறி இறங்கினா அந்தத் தடம் ஐஸ் ஆகி நிலத்தில ஒட்டும். இரவு 11 மணிக்கு ஒருக்கா, விடிய ஒருக்கா, முடியேக்க ஒருக்கா. புளோவர் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் இதுதான்.

புளோவரை நாளைக்குப் பகலில ஒருக்கா இயக்கிப் பாருங்கோ. போன வருசத்துப் பெற்றோல் தாங்கியில கிடந்தா காபரேற்றருக்குள்ள பிசின் மாதிரிப் படிஞ்சிருக்கும். சோக் போட்டா இயங்கும், சோக்கை எடுத்தா நிண்டுபோகும், அதுதான் அடையாளம். பழசை உறிஞ்சி எடுத்துப் புதுசு விட்டா சிலவேளை சரிவரும், இல்லாட்டிக் காபரேற்றர் கழுவ வேணும். எண்ணெய் மட்டம் பாருங்கோ, குளிருக்கு 5W-30.

ஓகரை (ஸ்னோவை வெட்டி உள்ளுக்கு இழுக்கிற சுருள் தகடு) அச்சோட பிடிக்கிற ஷியர் பின் எண்டு ஒரு மெல்லிய ஆணி இருக்கு. கல்லோ ஐஸ் கட்டியோ சிக்கினா அது முறிஞ்சு கியர்பொக்சைக் காப்பாத்தும். முறியிறதுதான் அதின்ர வேலை. உங்கட மொடலுக்கு உரிய பின் நாலு வாங்கி கைபிடியில கட்டி வையுங்கோ. கையில கிடைச்ச இரும்பு போல்ட்டைப் போட்டா பின் முறியாது, கியர்பொக்ஸ்தான் உடையும். அதுக்குப் பிறகு திருத்துறதை விடப் புதுசு வாங்கிறது லாபம். ஸ்னோ விழ முதல் ட்ரைவ்வேயில கிடக்கிற விளம்பரப் பேப்பர் கட்டு, கால்மிதி, தண்ணிக் குழாய், பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. பிளாஸ்ரிக் பையில சுத்தின பேப்பர் கட்டு ஒண்டு போய் ஓகருக்குள்ள சுத்தினா அரை மணித்தியாலம் போச்சு.

ஈர ஸ்னோவில புளோவரின்ர வாய் அடைபடும். அப்ப கையை விடாதேங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, ஓகர் நிண்டிட்டுது எண்டு கண்ணால பார்த்து, கூட வாற தடியால மட்டும் குத்துங்கோ. எஞ்சின் நிண்ட பிறகும் பெல்ற்றில முறுக்கம் தேங்கி நிக்கும். அடைப்பு விடுபட்ட அந்தக் கணத்தில ஓகர் அரைச் சுத்துச் சுத்தும். விரல் போறது அதிலதான். அடைபடாமல் இருக்க வேணும் எண்டால் எஞ்சினை முழு வேகத்தில விட்டு, நடையைக் குறைச்சு, அகலத்தில பாதியை மட்டும் எடுங்கோ. சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் விடக்கூடாது, பத்து நிமிசம் ஆற விடுங்கோ. கராஜுக்குள்ள வைச்சு இயக்கக் கூடாது, கதவு திறந்திருந்தாலும். வேலை முடிய வெளியிலயே ஒரு நிமிசம் ஓகரை வெறுமனே ஓட விட்டால் உள்ளுக்கிருக்கிற ஈரம் பறந்திடும், அடுத்த நாள் உறைஞ்சு நிக்காது.

பற்றறியில ஓடுற புளோவர் எண்டால் பற்றறியை வீட்டுக்குள்ள வையுங்கோ. கராஜில குளிர்ந்த பற்றறி பாதி ட்ரைவ்வேயில நிண்டிடும்.


மோர்னிங்சைட் | வெள்ளி, இரவு 9.20

ட்ரைவ்வேயைத் துப்பரவாக்கி உள்ளுக்கு வர, ஸ்னோ தள்ளுற நகரத்து வண்டி வந்து வாசலில ஸ்னோவை மதில் மாதிரிக் குவிச்சுப்போட்டுப் போகுது. அதுக்கு ஏதும் வழி இருக்கோ?


சின்ன எஞ்சின் | வெள்ளி, இரவு 9.38

முழுக்கத் தடுக்க ஏலாது, பாதியாக் குறைக்கலாம். வாசலில றோட்டைப் பார்த்து நில்லுங்கோ. வண்டி உங்கட இடக்கைப் பக்கத்தால வந்து வலக்கைப் பக்கம் போகும். தகட்டில சேர்த்துக்கொண்டு வாற ஸ்னோவை முதல் கிடைக்கிற வெளியில, அதாவது உங்கட வாசலில, கொட்டும். அதாலதான் ட்ரைவ்வே ஸ்னோவை இடப்பக்கத்தில குவிக்கக் கூடாது, குவிச்சா அதையும் சேர்த்துத் திருப்பி இழுத்துக்கொண்டு வரும். எல்லாத்தையும் வலப்பக்கப் புல்லில போடுங்கோ. இடப்பக்கத்தில, றோட்டுக் கரையோட, 3 மீற்றர் நீளம் ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு குழியைத் துப்பரவாக்கி வெறுமையா விடுங்கோ. வண்டி தன்ர சுமையில பெரும் பங்கை அந்தக் குழியில இறக்கிப்போட்டு வாசலுக்கு வரும்.

கடைசி இரண்டு மீற்றரை வண்டி போன பிறகு செய்யிறதும் ஒரு வழி. ஆனா ரொறன்ரோவில உள்றோட்டுக்கு 8 சென்ரிமீற்றர் விழுந்த பிறகுதான் வண்டி வரும், பெருந்தெருவெல்லாம் முடிச்சு. காத்துக்கொண்டிருந்தா வேலைக்குப் போக ஏலாது. அந்த மதில் சாதாரண ஸ்னோ மாதிரி இல்லை, ஐஸ் கட்டியும் உப்புத் தண்ணியும் கலந்து கல்லு மாதிரி இருக்கும், இரவு விட்டா இறுகிடும். மேல இருந்து தட்டுத் தட்டா வெட்டி எடுங்கோ. ஒற்றைக் கட்டப் புளோவர் (ஓகர் மட்டும் உள்ளது) அதை ஏறி மிதிக்கும், வெட்டாது. இரட்டைக் கட்டம்தான் (ஓகரோட எறியிற விசிறியும் உள்ளது) சரி.

றோட்டுக்குத் திருப்பித் தள்ளக்கூடாது. அது ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டத்திலயே தடை, நகர விதியிலயும் தண்டம் இருக்கு. வீட்டுக்கு முன்னால தீயணைப்புத் தண்ணிக் குழாய் இருந்தா அதைச் சுத்தி ஒரு மீற்றர் தோண்டி விடுங்கோ. பிள்ளையளை றோட்டோரக் குவியலுக்குள்ள குகை தோண்டி விளையாட விடவே வேண்டாம். வண்டிக்காரருக்கு உள்ளுக்கு ஆள் இருக்கிறது தெரியாது.


பிராம்ப்டன் | வெள்ளி, இரவு 10.04

உப்பு பற்றி நான் எழுதுகிறேன். கடைகளில் எல்லா மூட்டையும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. சாதாரணக் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, மைனஸ் 10 வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். மக்னீசியம் குளோரைடு மைனஸ் 15 வரை, கால்சியம் குளோரைடு மைனஸ் 25 வரை போகும். விலையும் அதே வரிசையில் ஏறும். மைனஸ் 18 விடியற்காலையில் கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டி ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொரு மூட்டை கொட்டுகிறார்கள். அந்தக் குளிரில் தேவை உப்பு இல்லை, மணல். மணல் உருக்காது, ஆனால் கால் வழுக்காமல் பிடிக்கும்.

30 செ.மீ. பனியின் மேல் உப்புப் போடுவது வீண். உப்பின் வேலை பனியை அழிப்பது அல்ல, பனிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ஒட்டைப் பிரிப்பது. பனி தொடங்கும்போது மெல்லியதாக ஒரு தூவல், பிறகு தள்ளி முடித்துத் தரை தெரிந்ததும் மிச்சமிருக்கிற ஐஸ் திட்டுகளில் மட்டும் இன்னொரு தூவல். 350 மில்லி காபிக் குவளை ஒன்று நிறைய எடுத்தால் 6 மீட்டர் நீள ட்ரைவ்வேக்குப் போதும். கோலப்பொடி தூவுகிற மாதிரி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரியவேண்டும். குவியலாக விழுந்தால் குவியலின் கீழே மட்டும் உருகி, தண்ணீர் பக்கத்தில் ஓடி உறையும்.

போன கோடையில் போட்ட புது கான்கிரீட்டில் முதல் குளிர்காலம் உப்பே வேண்டாம், மேல்தோல் செதில் செதிலாக உரியும். வாசல்படியில் கொதிநீர் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் அது கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். போட்ட உப்பெல்லாம் கடைசியில் ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது, அங்கிருந்து அதை வெளியே எடுக்க வழி கிடையாது. அதனால்தான் குவளைக் கணக்கு.


வாடகைச் சட்டம் | வெள்ளி, இரவு 10.27

பேஸ்மென்ரை வாடகைக்கு விட்டிருக்கிற ஆக்களுக்கு. கீழ போற படிக்கட்டு ஒரு கிணறு மாதிரி. காற்று ஸ்னோவைக் கொண்டுவந்து அதுக்குள்ளதான் நிரப்பும். வெளிப்பக்கம் திறக்கிற புயல் கதவு இருந்தா உள்ளுக்கிருந்து தள்ள ஏலாமல் போகும். அந்தப் படியும், படுக்கையறை ஜன்னல் கிணறும்தான் (நிலமட்டத்துக்குக் கீழ இருக்கிற ஜன்னலுக்கு வெளிய விட்ட குழி) கீழ இருக்கிற ஆக்கள் நெருப்பு நேரத்தில தப்புற வழி. முன் ட்ரைவ்வேக்கு முதல் அதைத் துப்பரவாக்க வேணும். ஒரு சவலை கீழ் வீட்டுக்கு உள்ளுக்குக் குடுத்து வையுங்கோ. வெளிய கராஜில இருக்கிற சவல் கதவு திறக்காட்டி உதவாது. படியின்ர அடியில இருக்கிற தண்ணி வாய்க்கால் ஓட்டையையும் இண்டைக்கே பாருங்கோ. இலை அடைச்சிருந்தா ஸ்னோ உருகேக்க தண்ணி கதவுக்குக் கீழால உள்ளுக்கு வரும்.

‘ஒப்பந்தத்தில வாடகைக்காரர்தான் ஸ்னோ தள்ள வேணும் எண்டு எழுதியிருக்கு’ எண்டு கனபேர் நம்பிக்கொண்டிருக்கினம். வளவுக்குள்ள எல்லாரும் பாவிக்கிற நடைபாதையையும் வெளிப் படியையும் பராமரிக்கிற பொறுப்பு வீட்டுக்காரருக்குத்தான். வாடகை ஒப்பந்தத்துக்குள்ள ஒரு வரி எழுதி அதை மாத்த ஏலாது எண்டு 2009 இல ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கு. வாடகைக்காரரைக் கொண்டு செய்விக்கிறது எண்டால் சம்பளம் சொல்லித் தனியா ஒரு ஒப்பந்தம் வேணும். அப்பவும் விழுந்து அடிபட்டா கேள்வி முதல்ல வீட்டுக்காரரிட்டத்தான் வரும். 2021 ஜனவரி 29 இல இருந்து தனியார் இடத்தில ஸ்னோ, ஐஸில விழுந்தவை 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்க வேணும். எந்த நேரம் தள்ளினது, எப்ப உப்புப் போட்டது எண்டு ஃபோனில ஒரு படத்தோட குறிச்சு வைக்கிறது ரண்டு பக்கத்துக்கும் நல்லம்.


401 ட்ரக் | வெள்ளி, இரவு 11.12

றோட்டு விசயம். ரயர் பற்றிச் சுருக்கமா: மலையும் ஸ்னோப் பூவும் போட்ட அடையாளம் உள்ள வின்ரர் ரயர், நாலு சில்லுக்கும். ரண்டு மட்டும் போட்டா மற்ற ரண்டும் வளைவில சறுக்கிக் காரையே சுத்திவிடும். ரயரின்ர பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா ஸ்னோவுக்கு அது உதவாது. வைப்பர் தண்ணி மைனஸ் 40 போத்தல். கார்க் கூரையில இருக்கிற ஸ்னோவைத் தள்ளாமல் போகாதேங்கோ. பிறேக் பிடிச்சா அது முழுக்க முன் கண்ணாடியில இறங்கும்.

போகாமல் இருக்க ஏலுமெண்டால் போகாதேங்கோ. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோ நகர நெடுஞ்சாலைகளான டொன் வலி பார்க்வேயும் கார்டினரும் மூடப்பட்டது. உள்ளுக்குச் சிக்கின கார்களால ஸ்னோ வண்டி நகர ஏலாமல் போனதும் அண்டைக்கு நடந்தது. நகரத்துக்கு வெளிய இன்னும் மோசம். ஏரி உறையாமல் இருக்கேக்க மேலால குளிர் காற்று போனா, ஏரியின்ர சூட்டையும் ஈரத்தையும் எடுத்து ஒடுங்கின பட்டியாக் கொட்டும். பட்டிக்கு வெளிய வெயில், உள்ளுக்குக் கையை நீட்டினாத் தெரியாது. 400 நெடுஞ்சாலையில பரிக்கு வடக்க, 402 நெடுஞ்சாலையில சார்ணியாப் பக்கம் இதுதான். 2010 டிசம்பரில 402 இல 300 பேருக்கு மேல வாகனங்களுக்குள்ள அகப்பட்டு, இராணுவ ஹெலிகொப்ரரும் வந்து எடுத்தது. 2022 நத்தாருக்கு அமெரிக்காவில பஃபலோவிலயும் சுத்து வட்டாரத்திலயும் 40 பேருக்கு மேல செத்தவை, அதில வாகனத்துக்குள்ள கிடந்தவையும் இருந்தவை.

அகப்பட்டால்: காரை விட்டு இறங்கி நடக்காதேங்கோ. 50 மீற்றரில திசை தவறும். முதல் வேலை, இறங்கிப் புகைக் குழாயைச் சுத்தித் தோண்டுங்கோ. குழாய் மூடுப்பட்டா புகை காருக்கு அடியால உள்ளுக்கு வரும். பிறகு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் மட்டும் எஞ்சின், ஒவ்வொரு தரமும் இயக்க முதல் குழாயைத் திரும்பப் பார்த்து. காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கோ. எஞ்சின் ஓடேக்க நித்திரை கொள்ளக் கூடாது. மின்சாரக் காருக்குப் புகைப் பிரச்சினை இல்லை. காற்றுச் சூடாக்கியைக் குறைச்சு, இருக்கைச் சூட்டைப் பாவிச்சா பற்றறி கன நேரம் நிக்கும். வெளிக்கிட முதல் செருகி வைச்சபடியே காரைச் சூடாக்குங்கோ.

காரில வைக்கிற அவசரப் பெட்டியில இருக்க வேண்டியது: மடிக்கிற சவல், ஒரு கம்பளி ஆளுக்கு ஒண்டு, மணல் அல்லது கட்டி பிடிக்காத பூனை மணல் 5 கிலோ, பூஸ்டர் வயர், ஃபோனுக்கு பவர் பாங்க், தண்ணி, கச்சான், பேரீச்சம்பழம். சவலை ட்ரங்க்கில போடாமல் பின் இருக்கையில போடுங்கோ. ட்ரங்க் உறைஞ்சு நிக்கும்.

சில்லு சுத்தினா உடன காலை எடுங்கோ. சுத்தச் சுத்த அடியில ஐஸ் மினுக்குப்படும், கார் இன்னும் கீழ இறங்கி வயிற்றில குந்தும். நாலு சில்லுக்கும் முன்னால ஒரு மீற்றர் தோண்டி, வயிற்றுக்குக் கீழயும் இழுத்து, மணலைப் போட்டு, சறுக்கல் கட்டுப்பாட்டை அணைச்சு, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கோ. நீல லைட் மினுங்கிற ஸ்னோ வண்டி வரிசையா றோட்டை அடைச்சுப் போனா அதுக்குப் பின்னாலயே போங்கோ. அவைக்கு முன்னால இருக்கிற றோட்டு இன்னும் துப்பரவாக்காத றோட்டு.


மின் வேலை | சனி, காலை 7.25

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. 2013 டிசம்பர் ஐஸ் மழையில் டொரண்டோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் போயின, சில வீடுகளுக்கு நாள்கணக்கில் வரவில்லை. காஸ் ஃபர்னஸ் இருந்தாலும் விசிறி மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அதனால் சூடு போய்விடும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள்: வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம், புகை வாய் வீட்டைப் பார்க்காமல். கராஜ், பால்கனி, மூடிய வராந்தா எதுவும் கூடாது. சுவர் பிளக்கில் இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள வயரைச் செருகி வீடு முழுக்க மின்சாரம் ஏற்றினால், அது வெளிக் கம்பிக்கும் பாய்ந்து கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும். வெளி இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற மாற்று சுவிட்ச் வைத்தால்தான் சட்டப்படி சரி, அதற்கு ஆய்வும் உண்டு. இல்லையென்றால் தடித்த வெளிப்புற எக்ஸ்டென்ஷன் வயரில் குளிர்ப்பெட்டியை மட்டும் நேராகச் செருகுங்கள். கரி அடுப்பையும் பார்பிக்யூவையும் உள்ளே கொண்டுவராதீர்கள். சமையல் காஸ் அடுப்பைக் குளிர் காய எரிக்காதீர்கள்.

நம் வீடுகளில் ஃப்ரீசர் நிறைய மீனும் நண்டும் இறைச்சியும் இருக்கும். திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24, கீழ் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். இன்றைக்கே காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் பங்கு நிரப்பி உறைய விடுங்கள். வெளியே பனிக்குள் புதைத்து வைக்கலாம் என்பார்கள், வெயில் பட்டால் மேலே இளகும், ரக்கூனும் வரும்.

வீட்டுக்குள் குளிர் 5, 6 பாகைக்கு இறங்கினால் வெளிச்சுவர் ஓரமாகப் போகிற குழாய்கள் முதலில் உறையும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து வையுங்கள், குழாயில் பென்சில் முனை அளவு தண்ணீர் ஓடட்டும். மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டி, ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகி நிற்கும், குழாய் வெடித்த இரவில் அதைக் கண்டுபிடிப்பது தாமதம். வீட்டை விட்டு வேறிடம் போகிறீர்கள் என்றால் வால்வை மூடி, மேல் மாடிக் குழாயையும் பேஸ்மென்ட் குழாயையும் திறந்து வடித்துவிட்டுப் போங்கள்.


மோர்னிங்சைட் | சனி, காலமை 8.40

எல்லாருக்கும் நன்றி. மேல சொன்னதில இருந்து இண்டைய வரிசை: ஃபர்னஸ் குழாய், அலாரம், கீழ்ப் படி, புளோவர், உப்பு. கடைசியா ஒண்டு. செவ்வாய்க்கிழமை 4 பாகை, மழை எண்டு காட்டுது. ஸ்னோ உருகிறது நல்லதுதானே?


ஃபர்னஸ் வேலை | சனி, காலமை 9.05

இல்லை, அது ரண்டாவது புயல். 30 சென்ரிமீற்றர் ஸ்னோ மழையைக் குடிச்சு நிக்கும், பிறகு ஒரேயடியா விடும். நிலம் உறைஞ்சிருக்கிறதால தண்ணி கீழ இறங்காது, அத்திவாரத்தோட ஓடும். திங்கள் பின்னேரத்துக்குள்ள வீட்டுச் சுவரில இருந்து ஒரு மீற்றருக்கு ஸ்னோவை வெளிய தள்ளுங்கோ. கூரைத் தண்ணிக் குழாயின்ர கீழ் வாயைத் தோண்டி விடுங்கோ. றோட்டுக் கரையில இருக்கிற தண்ணிக் கிறில் எங்க எண்டு தேடி, அதின்ர மேல ஒரு வழி வெட்டுங்கோ, அண்டை வீட்டுக்காரரோட சேர்ந்து செய்தா பத்து நிமிசம். பேஸ்மென்ரில சம்ப் பம்ப் (குழியில சேருற தண்ணியை வெளிய இறைக்கிற பம்ப்) இருந்தா ஒரு வாளி தண்ணியைக் குழிக்குள்ள ஊத்திப் பாருங்கோ. மிதவை ஏறி, பம்ப் ஓடி, வெளியில அதின்ர குழாயால தண்ணி வர வேணும். பம்ப் ஓடியும் வெளிய வராட்டி அந்த வெளி வாய் ஐஸ் பிடிச்சிருக்கு. அதை இண்டைக்கே உருக்கிவிடுங்கோ.